தோளளவு தண்ணீரில் ஒரு மடி

கட்டில் வேண்டாம், நாற்காலி வேண்டாம், படிக்கட்டு அறவே வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் சுற்றுலாப் பயணி என் தங்கை மகள் இசக்கிதான். கோவில்பட்டியில் அய்யாத்துரை டிராவல்ஸ் வைத்து, குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஆள் ஏற்றியே தலை நரைத்தவன் நான். ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெந்நீர் வரவில்லை என்று லாட்ஜ் மேனேஜரின் சட்டையைப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படுக்கவே இடம் வேண்டாம் என்றவர்களைப் பார்த்ததில்லை.

"அப்ப எங்கட்டி தூங்குவ?" என்று கேட்டேன்.

என் கேள்வி நிலாவுக்குப் போய் அவள் பதில் திரும்பி வர ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் ஆகும். பத்தொன்பது வருஷமாகப் பேசுகிறோம், அந்த இடைவெளி மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

"தண்ணியிலதான் மாமா. சாப்பாடு, தூக்கம், கதை பேசுறது எல்லாம் தண்ணிக்குள்ள. தலை மட்டும் வெளிய."

"எருமை மாடு மாதிரி."

"எருமை மாடு எப்பிடி இருக்கும்?"

சரி, முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் கடைசித் தங்கை சண்முகக்கனியும் அவள் வீட்டுக்காரரும் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் நிலாவுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே மூச்சுவிடக் காற்றுத் தயாரிக்கிற ஆலை. போன இடத்தில் இசக்கி பிறந்தாள். குலதெய்வத்தின் பேரை வைத்துவிட்டு, பிள்ளையைக் கொண்டுவந்து கோயிலில் பொங்கல் வைப்பதாகக் கனி சொன்னாள். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் அங்குள்ள டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நிலாவில் எல்லாவற்றுக்கும் ஆறில் ஒரு பங்கு கனம்தான். நிறைகுடத்தை இரண்டு விரலில் தூக்கலாம். அந்த ஊரில் வளர்ந்த இதயத்துக்கு இந்த ஊர் உடம்பை நிமிர்த்தி வைத்து ரத்தம் ஏற்றத் தெரியாது, எலும்பு அப்பளம் மாதிரி நொறுங்கும் என்றார்கள். இதைப் போகிறபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அதுவரை அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை யாரும் இல்லையே, எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இசக்கியால் இறங்க முடியாது, அவளை விட்டுவிட்டுக் கனியும் வரமாட்டாள். நான் ஏறலாம் என்றால் என் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். ராக்கெட்டின் பக்கத்தில்கூட விடமாட்டார்கள்.

இதனால் நின்றுபோனது ஒரே ஒரு காரியம். இசக்கிக்குக் காது குத்தவில்லை. எங்கள் வீட்டில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். பெரிய தங்கச்சி பிள்ளைகள் மூன்று பேரும் ஒரு வயசில் இந்த மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதவர்கள். இசக்கியின் பங்கு மட்டும் பாக்கி. வீடியோவில் அவளது வெறுங்காதைப் பார்க்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போதுதான் இந்தத் தீவு ஏற்பாடு வந்தது. யோசித்தவன் கெட்டிக்காரன். தண்ணீருக்குள் உடம்புக்குக் கனம் தெரியாது, எனவே நிலாவில் பிறந்தவர்கள் பூமியில் தரைக்கு வரமுடியாவிட்டாலும் கடலுக்கு வரலாம். தண்ணீர் நிரப்பிய கூண்டுக்குள் மிதந்தபடியே வானத்திலிருந்து இறங்கி, அந்தத் தண்ணீரிலிருந்து இந்தத் தண்ணீருக்குள் நழுவி வந்துவிட வேண்டியது. கடல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், நாள் முழுக்க ஊறினாலும் உடம்பு சில்லிடக் கூடாது. அலையும் அடிக்கக் கூடாது. அதற்குத் தோதாக, பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் மேலே ஒரு குட்டித் தீவு. சுற்றிலும் பவளப்பாறை வேலி போட்டதுபோல இருக்கும், உள்ளே கடல் குளம் மாதிரி கிடக்கும். குலுக்கலில் இசக்கி பேர் விழுந்தது. ஒரு வாரம். கூட ஒரு சொந்தக்காரர்.

விடுமுறைத் திட்டம் போடுவது என் பிழைப்பு. ஆனாலும் இந்த ஒரு வாரத்துக்கு நான் திணறியதுபோல எந்த வாரத்துக்கும் திணறியதில்லை. தோசைக்கல்லை எங்கே வைப்பது? மிதக்கிற தட்டில் சாம்பார் நிற்குமா? நான் கேட்கக் கேட்க அவள் அங்கிருந்து சிரிப்பாள். அவள் கேட்டது இரண்டே இரண்டு. மழை பெய்தால் தன்னை எழுப்ப வேண்டும். தேங்காய் மரத்திலிருந்து விழுவதைப் பார்க்க வேண்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. காது குத்து கரையில்தான்.

"அண்ணே, தண்ணிக்குள்ளயே வச்சுக்கிட்டா என்ன?" என்றாள் கனி.

"தண்ணிக்குள்ள காது குத்துன கதைய எங்கயாவது கேட்டுருக்கியாட்டி? தரையில சம்மணம் போட்டு உக்காந்தாத்தான் மடி. பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நான் கேக்க மாட்டேன்."

பதில் வர வழக்கத்தைவிட நேரம் ஆனது. "சரிண்ணே, உன் இஷ்டம்" என்றாள். தீவின் டாக்டரும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, காலில் இறுக்கு உடை போட்டு, பாதி சாய்ந்த நிலையில் பத்து நிமிஷம் பார்க்கலாம் என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மொட்டை அடிக்கும் பேச்சை மட்டும் இசக்கியே பேரம் பேசி ஒழித்துக்கட்டினாள். காது குத்துகிற எங்கள் ஊர் பத்தர் கப்பல் என்றதும் நழுவிவிட்டார், ஊசியை டாக்டரே பிடிப்பதாக ஏற்பாடு.

டாக்டர் பேர் நஸ்ரின், காயல்பட்டினத்துக்காரர். பல்வலிக்கு மாத்திரை கேட்டாலும் படம் வரைந்து விளக்கம் சொல்கிற ரகம். இசக்கி வருகிற காலையில் அவரும் நானும் படகில் காத்திருந்தோம். நான் கரிசல் காட்டுக்காரன், முட்டளவு தண்ணீரைத் தாண்டி எந்த நாளும் இறங்கியதில்லை. படகு ஆடிய ஆட்டத்தில் காலையில் தின்ற இட்லி தொண்டைக்கும் வயிற்றுக்குமாக அலைந்துகொண்டிருந்தது.

"அங்க பாருங்க அண்ணாச்சி" என்றார் டாக்டர்.

வெறும் நீலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது மூன்று குடையாக விரிந்தது. குடைக்கடியில் கறுப்பாக ஒரு கூண்டு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது. ராத்திரியெல்லாம் நாம் அண்ணாந்து பார்க்கிற அந்த நிலாவிலிருந்து என் தங்கச்சி பிள்ளை இதோ இறங்கி வருகிறாள் என்று நினைத்தபோது என் கை தானாகக் குவிந்துவிட்டது. யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூண்டு பாறைக்கு வெளியே கடலில் விழுந்தது. கயிறு கட்டி உள்ளே இழுத்து வந்தார்கள். முக்குளிக்கும் ஆட்கள் தண்ணீருக்கடியிலேயே கதவைத் திறந்தார்கள்.

ஒரு தலை மேலே வந்தது. கனியின் நெற்றி, கனியின் மூக்கு. மூச்சுக்கருவியைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். கண் அகன்றது. நான் "இசக்கி" என்று கூப்பிட, அந்த நொடியே அவள் திரும்பினாள். இடைவெளியே இல்லை. கூப்பிட்டதும் திரும்புகிறாளே என்று நான்தான் திகைத்துப்போனேன்.

"மாமா, இந்தக் காத்தை யாரு அனுப்புதா?"

"என்னது?"

"காத்து. இவ்வளவு வருதே, எந்த ஆலையில செய்யுதாங்க?"

"யாரும் செய்யலட்டி. சும்மாக் கெடக்கு."

அவள் நம்பவில்லை. அம்மா இருபது வருஷத்துக்கு மேலாக ஷிப்ட் போட்டுத் தயாரிக்கிற பொருள் இங்கே கேட்பாரில்லாமல் அலைந்துகொண்டிருப்பதை எப்படி நம்புவாள்? கழுத்தளவு தண்ணீரில் மிதந்தபடி மறுபடி மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். நானும் இழுத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு வருஷமாக இழுத்த மூச்சுதான், ஆனாலும் அன்றைக்கு எனக்கே அது பெரிய சங்கதியாகப் பட்டது.

அன்றைக்கு முழுவதும் அப்படித்தான் போனது. படகில் இருந்தபடி நான் அவளுக்கு இட்லி ஊட்டினேன். நான் கரையில் நடப்பதை அவள் தண்ணீரிலிருந்து வேடிக்கை பார்த்தாள். "ஒவ்வொரு அடிக்கும் தரை உங்களப் பிடிச்சுப் பிடிச்சு இழுக்கு மாமா. எப்பிடிப் பொறுத்துக்கிடுதீங்க?" என்றாள். மத்தியானம் ஒரு தேங்காய் விழுந்தது. அது விழுந்த வேகத்தைப் பார்த்து அலறியேவிட்டாள். அவள் ஊரில் கைதவறிய பொருள் தரையைத் தொடுவதற்குள் குனிந்து பிடித்துவிடலாமாம். கொஞ்ச நேரத்தில் மழையும் வந்தது. எழுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, "வலிக்கி மாமா, வலிக்கி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் குடையைத் தேடப் போனவன், தேடாமலே திரும்பி வந்து அவளோடு நனைந்தேன்.

சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, கரைக்குக் கொண்டாரதுல ஒரு சிக்கல் இருக்கு. இவ உடம்பு வெவரம் முழுசும் இப்பத்தான் மேல இருந்து வந்துச்சு. அங்க பொறந்த எல்லாப் புள்ளைக்கும் காது மடல்ல ஒரு பொட்டுக் கருவி குத்திருக்காங்க. காதுமுத்துன்னு பேரு. நெஞ்சு எப்பிடித் துடிக்கிது, எப்பத் தடுமாறுதுன்னு வாழ்நாள் பூரா அது பாத்துக்கிட்டே இருக்கும். அத வச்சுத்தான் இந்தப் புள்ளைக்கு இவ்வளவு கனம் தாங்கும்னு நாங்க கணக்குப் போடுறது."

"சரி, போடுங்க."

"இவளுக்குக் காதுமுத்து இல்ல. அவங்க அம்மா குத்த விடல. கையில ஒரு பட்டை கட்டிருக்காங்க, அது பாதி நாள் கழண்டு கெடந்துருக்கு. மத்த புள்ளைன்னா பத்து நிமிஷமா, மூணு நிமிஷமான்னு நான் சொல்லிருவேன். இவளுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாம இருக்கலாம். எந்திரிக்காமலும் போயிரலாம்."

"குத்த ஏன் விடல?"

"அத நீங்க உங்க தங்கச்சிகிட்டத்தான் கேக்கணும்" என்றார் டாக்டர்.

கனியை அழைத்தேன். நல்லவிதமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், வாயைத் திறந்ததும் கத்தல்தான் வந்தது. "ஏட்டி, கூறு இருக்கா உனக்கு? உசுருக்குக் காவலா இருக்கிற சாமானப் போய் வேண்டாம்னுருக்க! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நிலா வரைக்கும் போன என் கத்தலுக்கு மெதுவாகத்தான் பதில் வந்தது.

"கேட்டா நீ குத்தச் சொல்லிருப்பண்ணே. அவள நீ தூக்குனதில்ல, தொட்டதில்ல. ஒரு மிட்டாய் வாங்கிக் குடுத்ததில்ல. உனக்குன்னு அவகிட்ட மிச்சம் இருந்தது அந்தக் காது ஒண்ணுதான். அதையும் எவனோ ஒருத்தன் மெஷின்ல வச்சுக் குத்திட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வரல."

கோபமாக வந்தது, அழுகையாக வந்தது, இரண்டில் எது முந்தியது என்றும் தெரியவில்லை. என் தங்கை என் மேல் வைத்த பாசத்துக்கு அவள் பிள்ளையின் இதயத்தை அடமானம் வைத்திருக்கிறாள். அதன் மேல் நான் உட்கார்ந்துகொண்டு தரைதான் வேண்டும் என்று வீம்பு பிடித்திருக்கிறேன். பத்து நிமிஷம் என்று தாராளமாகச் சொன்ன என் வாயை என்ன செய்வது?

மறுநாள் காலையில் கரையில் சாய்வுப் படுக்கை, இறுக்கு உடை எல்லாம் முன்பே சொன்னபடி தயாராக வைத்திருந்தார்கள். நான் அதைத் தாண்டி நேராகத் தண்ணீருக்குள் நடந்தேன். முட்டி நனைந்தது. இடுப்பு நனைந்தது. டாக்டர் ஊசிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி என் பின்னாலேயே நெஞ்சளவு தண்ணீருக்கு இறங்கி வந்தார்.

"கரை வேண்டாம்" என்றேன். "இங்கயே குத்திருவோம்."

இசக்கி மிதந்து பக்கத்தில் வந்தாள். இரண்டு கையையும் நீட்டினேன். சும்மா ஒரு துணி வந்து கையில் படிந்ததுபோல வந்து கிடந்தாள். இருபது வயசை நெருங்கிய பிள்ளை, கனம் என்று ஒன்றுமே இல்லை. பார்த்துப் பார்த்து ஏங்கிய உடம்பு கைக்குள் இருக்கிறது, கைக்கு அது தெரியவில்லை.

"இது சரியில்ல மாமா" என்றாள் அவள்.

"என்னட்டி?"

"நான் உங்க மடியில உக்காரணும்னு வந்தேன். கனமே இல்லாம உக்காந்தா உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கரைப் பக்கமாப் போங்க."

"அதெல்லாம் வேண்டாம். உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

"கொஞ்சம் கொஞ்சமாப் போவோம். நெஞ்சு தடுமாறுச்சுன்னா டாக்டர் சொல்லட்டும், திரும்பிருவோம். எனக்குக் கனமா இருக்கணும் மாமா. ஒரு தடவையாவது ஒருத்தருக்குக் கனமா இருக்கணும்."

டாக்டரைப் பார்த்தேன். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா" என்றார்.

பின்பக்கமாகவே அடி வைத்து நகர்ந்தேன். உட்கார்ந்தால் மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும் என்று தோன்றிய இடத்தில், எங்கள் ஊரிலுள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மோவாய் வரை கடல். அவள் என் மடியில் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் தோளைத் தொட்டு நின்றது. தொடையில் ஏதோ படிவதுபோல இருந்தது. கைக்குழந்தையின் கனம்.

"இன்னும்" என்றாள்.

சம்மணம் கலையாமல் பின்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து ஒரு முழம் ஏறினேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் மூன்று பேரும் சிரிக்கவில்லை. தவழும் பிள்ளையின் கனம் வந்தது.

"இன்னும் மாமா."

இன்னும் அரை முழம். தண்ணீர் அவள் தோளை விட்டுக் கொஞ்சம் இறங்கியது. அப்போது என் தொடைக்கு அது தெரிந்தது. மூன்று பிள்ளைகளை உட்கார வைத்த தொடை, அதற்கு இந்த விஷயத்தில் தவறு வராது.

"இங்கதான்" என்றேன். "இதுக்கு மேல ஒரு அடி ஏற மாட்டேன். இது ஒரு வயசுப் புள்ளையோட கனம். காது குத்துற கனம்."

டாக்டர் மணிக்கட்டை விடவில்லை. ஆனால் அவர் முகத்தில் நேற்றிலிருந்து இருந்த இறுக்கம் கலைந்திருந்தது.

"துடிப்பு இப்ப நல்லாச் சீராயிருச்சு அண்ணாச்சி. கூண்டுல இருந்து எறங்கினதுல இருந்து இப்பத்தான் சொந்த வீட்டுல இருக்குற மாதிரி துடிக்கிது." கொஞ்சம் யோசித்தார். வழக்கம்போல விளக்கமும் வந்தது. "இருக்கத்தானே செய்யும். இவளுக்கு இங்க அம்பத்தி நாலு கிலோ. அங்க அதுல ஆறுல ஒண்ணு, ஒம்பது கிலோ. ஒரு வயசுப் புள்ளைக்கு ஒம்பது கிலோதானே. இந்த எடையிலதான் இவ அங்க இவ்வளவு நாளா வாழ்ந்துருக்கா."

நான் இசக்கியைப் பார்த்தேன். அப்படியானால் இத்தனை வருஷமும் அவள் எனக்காக அந்த ஒரு வயசிலேயே இருந்திருக்கிறாள். எங்களுக்கு எதுவும் தவறிப்போகவில்லை. காலமும் தூரமும் போட்டி போட்டுக் கெடுக்கப் பார்த்த ஒன்றை, ஒரு முழம் தண்ணீர் அப்படியே பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டது. கடலைப் பார்த்து இத்தனை வருஷம் பயந்துகிடந்தவன், அன்றைக்கு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

டாக்டர் அவள் முடியை ஒதுக்கி இடது காதைத் துடைத்தார். நான் அவள் தலையை என் தோளோடு சேர்த்துப் பிடித்தேன். ஊசி நுழைந்ததும் "ஆ!" என்று அவள் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற கொக்கு பறந்தது. ஒரு பொட்டு ரத்தம் கழுத்தில் இறங்கித் தண்ணீரில் கரைந்தது. கம்மலை மாட்டித் திருகினேன். ஈரக் கையில் மூன்று தடவை நழுவியது.

டாக்டர் ஊசியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் வந்தார். இசக்கி வலது காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இது நாளைக்கு."

"ஏட்டி, அது முறையில்ல" என்றேன். "ரெண்டையும் ஒரே உக்காருல குத்தணும். ஒத்தக் காதோட எந்திரிக்கப்பிடாது."

அவள் கண்ணில் தண்ணீர். வலியா வேறெதுவுமா என்று தெரியவில்லை. ஆனால் வாய் சிரித்தது.

"நாளைக்கும் எனக்கு மடி வேணும் மாமா."

முறை, முறை என்று ஊரையே ஆட்டிவைத்த இந்த அய்யாத்துரை, கழுத்தளவு கடலில் உட்கார்ந்துகொண்டு, "சரிட்டி" என்றேன்.